இரத்தக் கொதிப்பும் சிறுநீரகமும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் ஆண்டுதோறும் எளியேனுக்கு ஒரு கால் மணி நேரம் தந்து வருகின்றீர்கள். குறளைப் பற்றியோ கம்பரைப் பற்றியோ இரண்டு வார்த்தை சொல்லி அமர்வது என் வழக்கம். இவ்வாண்டு காரியதரிசி அவர்கள் பேசும் பொருள் யாது எனக் கேட்டபொழுது, மேற்கண்ட தலைப்பை எழுதிக் கொடுத்தேன். "பண்டிதருக்கு மருத்துவத்தில் என்ன வேலை?" என்று அவர் நகைத்தார். நகைப்பு நியாயமே. யான் மருத்துவனல்லேன், யாருக்கும் மருந்து கூற வந்தவனுமல்லேன். பரிசோதனைச் சீட்டு ஒன்றைத் தவறாகப் படித்தவன் என்ற ஒரே தகுதியோடு உங்கள் முன் நிற்கின்றேன். அக்கதையை முதற்கண் கூறிவிடுவது நலம்.

என் அன்னையார்க்கு நெடுநாளாக இரத்தக் கொதிப்பு உண்டு. காலையில் ஒரு மாத்திரை. மாதம் ஒரு முறை கையில் பட்டை கட்டி அளவு பார்த்தல். இவ்வளவே நாங்கள் செய்து வந்தது. அவர்களுக்கு 68 வயது நடக்கையில் ஒரு நாள் இரத்தப் பரிசோதனையும் செய்வித்தேன். வந்த சீட்டில் கிரியாட்டினின் 1.1 என்றிருந்தது. பக்கத்தில் 0.6 முதல் 1.2 வரை என எல்லை அச்சிட்டிருந்தார்கள். எல்லைக்குள் இருக்கக் கண்டு, "ஒன்றுமில்லை அம்மா, எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிச் சீட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்றாண்டுகள் அதனை எவரும் எடுத்துப் பார்க்கவில்லை. 71-ஆம் வயதில் அவர்களுக்குக் கால் வீக்கம் கண்டது. அப்பொழுது கிரியாட்டினின் 1.9. பார்த்த மருத்துவர் பழைய சீட்டு உண்டா என வினவினார், கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கைப்பேசியில் ஏதோ கணக்கிட்டு, "இந்தச் சீட்டு எழுதிய நாளிலேயே சிறுநீரகம் ஏறக்குறையப் பாதி வேலைதான் செய்துகொண்டிருந்தது. உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?" என்றார். யார் சொல்வது? சீட்டைப் படித்தவன் யானல்லவா?

1.1 என்பது எங்ஙனம் பாதியாகும்? அச்சிட்ட எல்லை பொய்யா? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தவன், அறிந்தவர்களைக் கேட்டும் நூல்களைப் பயின்றும் சேர்த்தவற்றையே இன்று கூறப்போகிறேன்.

முதலில் சிறுநீரகத்தின் தொழில். நம் பாட்டிமார் குண்டிக்காய் என்று வழங்கிய அவ்வுறுப்பு இரண்டு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் வடிகருவிகள் உள்ளன. நெப்ரான் என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொரு நெப்ரானின் தலைப்பிலும் மயிரினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நூற்பந்து போல் சுருண்டு கிடக்கும். இரத்தம் அப்பந்தினுள் பாய, நீரும் கழிவும் வெளியே வடியும். இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் உள்ளே தங்கும். ஒரு நாளில் இவ்வாறு வடிவது சுமார் 180 லிட்டர். அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராய் வெளிப்போந்து, எஞ்சியதெல்லாம் மீண்டும் இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. இத்தகைய நுண்குழாய்களில் அழுத்தம் மிகுந்த இரத்தம் பல்லாண்டுகள் மோதுமாயின், குழாய்ச் சுவர் தடித்து வழி குறுகும். நூற்பந்து வடுப்பட்டுக் கெட்டிப்படும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஒரு நெப்ரான் அவிந்தால் அண்டையில் உள்ளது அதன் பங்கையும் சேர்த்துச் செய்யும். ஆகலின் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. 1934-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுக் கிளீவ்லண்டு நகரில் ஹாரி கோல்ட்பிளாட் என்னும் அறிஞர், நாயின் சிறுநீரகத்திற்குச் செல்லும் நாடியைச் சிறிது நெருக்கிப் பிடிக்கவே, அந்நாயின் இரத்த அழுத்தம் உயர்ந்து நின்றது. ஆகவே கொதிப்பு சிறுநீரகத்தைக் கெடுப்பதும் உண்மை; கெட்ட சிறுநீரகம் கொதிப்பை ஏற்றுவதும் உண்மை. மாமியும் மருமகளும் போல் ஒன்றையொன்று தூண்டிவிடும் என்று சொன்னால் தாய்மார்கள் என்னைக் கோபிக்கலாகாது.

நிற்க. உள்ளே நிகழும் இக்கேட்டை வெளியே இருந்து அறிவது எப்படி? கையில் கட்டும் பட்டை அழுத்தத்தைச் சொல்லுமேயன்றி, அவ்வழுத்தத்தால் விளைந்ததைச் சொல்லாது. இரத்தத்தில் ஏதேனும் அடையாளம் வேண்டும். அங்ஙனம் கிடைத்த அடையாளங்களுள் நெடுங்காலம் வழங்கி வருவது கிரியாட்டினின். அது தசையில் பிறக்கும் கழிவு. நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவாய்த் தோன்றி, சிறுநீரகத்தால் வெளியேற்றப்படும். வடிப்பு குறைந்தால் இரத்தத்தில் அது தேங்கும். 1886-ஆம் ஆண்டு மாக்ஸ் யாபே என்ற ஜெர்மானியர், பிக்ரிக் அமிலத்தோடு கூடினால் இப்பொருள் செந்நிறங் கொள்வதைக் கண்டறிந்தார். நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளவைக் கணிக்கும் முறையை ஓட்டோ போலின் என்பார் 1904-ல் வகுத்தார். பரிசோதனைச் சாலைகள் பலவற்றில் இன்றும் அவ்வண்ணமே செய்கின்றனர்.

குறை எங்கே என்றால், கிரியாட்டினின் பிறப்பது தசையில். தசை மிகுந்தவனுக்கு மிகுதி, மெலிந்தவர்க்குக் குறைவு. இதனை எங்கள் இலக்கணத்தில் வைத்துச் சொன்னால் எனக்கு எளிது. 'மா' என்ற சொல்லுக்குப் பொருள் பல. மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் குதிரை. பலபொருள் ஒருசொல்லுக்கு வினையும் இனமும் சார்பும் நோக்கியே பொருள் கொள்ளவேண்டும் என்று பள்ளியில் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, 1.1 என்னும் பலபொருள் ஒருசொல்லைச் சார்பு நோக்காமல் படித்தேன். இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவனுக்கு 1.1 என்று வந்தால் அவனது வடிப்பு அளவு நிமிடத்திற்கு ஏறத்தாழ 95 மில்லிலிட்டர்; குறையொன்றுமில்லை. 68 வயது அம்மையார் ஒருவர்க்கு அதே 1.1 வந்தால் வடிப்பு ஏறத்தாழ 55. அறுபதுக்குக் கீழ் மூன்று மாதத்திற்கு மேல் நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய் என்பது இன்று உலகெங்கும் ஒப்புக்கொண்ட வரையறை. அச்சிட்ட எல்லை பொய்யன்று. அது யாருக்கு எல்லை என்று கேளாதது என் பிழை.

இன்னொரு தந்திரமும் இவ்வெண்ணில் ஒளிந்திருக்கிறது. வடிப்பு முழுமையிலிருந்து பாதியாகக் குறையும் காலத்தில் கிரியாட்டினின் 0.8-லிருந்து 1.6 வரைதான் ஏறும். பார்ப்பவர் கண்ணுக்கு அது சிறு அசைவு. பின்னர் 4 என்பது 8 ஆகும்பொழுது வீட்டார் அலறுவர். ஆனால் அப்பொழுது போவது எஞ்சியிருந்த சிறு பங்கிலே பாதி. காப்பாற்றுவதற்குப் பொருள் மிகுதியாய் இருந்த காலத்தில் எண் வாய் திறவாது. பொருள் தீர்ந்தபின் உரக்கப் பேசும். ஆதலின் ஒரே சீட்டைக் கொண்டு தீர்ப்புக் கூறாமல், ஆண்டுதோறும் வந்த சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பது இன்றியமையாதது. தமக்குத் தாமே ஒப்பாக வைத்துப் பார்த்தால் 0.8 என்றிருந்தது 1.1 ஆனதே பெருஞ் செய்தி.

வயதையும் ஆண்பெண் வேற்றுமையையும் சேர்த்து வடிப்பைக் கணிக்கச் சூத்திரங்கள் உண்டு. 1976-ல் ஒன்று, 1999-ல் ஒன்று, 2009-ல் ஒன்று, 2021-ல் ஒன்று என வந்தன. இப்பொழுது பல பரிசோதனைச் சாலைகள் இ-ஜி.எப்.ஆர். என்ற பெயரோடு அக்கணக்கைத் தாமே சீட்டில் எழுதித் தருகின்றன. எழுதாவிடில் கேட்டு வாங்க வேண்டும்.

சூத்திரத்தைப் பற்றிய ஒரு வரலாற்றை ஈண்டுச் சொல்லாது விட மனம் ஒப்பவில்லை. 1999-ஆம் ஆண்டுச் சூத்திரமும் 2009-ஆம் ஆண்டுச் சூத்திரமும் அமெரிக்காவில் கறுப்பர் ஒருவர்க்குக் கணிக்கும்போது விடையைக் கூட்டிக் காட்டின. முன்னதில் ஏறத்தாழ 21 விழுக்காடு. பின்னதில் 16 விழுக்காடு. ஒரே வயது, ஒரே கிரியாட்டினின் உடைய இருவருள் ஒருவர்க்கு மட்டும், அவர் பிறந்த இனத்தைச் சொன்ன மாத்திரத்தில், சிறுநீரகம் நன்றாயிருப்பதாகக் கணக்குக் கூறிற்று. இதன் பயன் என்னவெனில், மாற்றுச் சிறுநீரகத்திற்குக் காத்திருப்போர் பட்டியலில் அன்னார் பெயர் காலந் தாழ்த்து ஏறியது. 2021-ல் அறிஞர்கள் கூடி இனத்தை நீக்கிச் சூத்திரத்தை மாற்றியமைத்தனர். 2023 முதல், அவ்வாறு இழந்த காத்திருப்புக் காலத்தை அவர்களுக்குத் திரும்பக் கூட்டித் தரும்படி மருத்துவமனைகளுக்கு ஆணையாயிற்று. இரத்தம் என்ற சொல்லை நம் மேடைகளில் நாம் பலகால் வேறு பொருளில் வழங்குகிறோம். யானும் வழங்கியிருக்கிறேன். பரிசோதனைக் குழாயில் அடைத்த இரத்தத்தினிடம் குலம் கேட்ட கணக்கு பிழைபட்டது என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

அச்சூத்திரங்கள் பெரும்பாலும் மேனாட்டாரின் அளவுகளைக் கொண்டு ஆக்கப்பட்டவை. நம்மில் மரக்கறி உண்டு மெலிந்த யாக்கையராய் இருப்போர் பலர். அன்னார்க்குத் தசை குறைவாகையால், கிரியாட்டினின் உள்ளதைவிட நல்ல செய்தியே கூறும். இதற்கு மாற்றாக வந்ததே சிஸ்டாட்டின்-சி என்னும் சிறு புரதம். உடம்பில் கருவுடைய அணுக்களெல்லாம் இதனைச் சுரக்கின்றன. தசையை அவ்வளவாகச் சார்ந்ததன்று. சுவீடன் நாட்டு லுண்டு நகரத்து அறிஞர்கள் 1985-ல் இதனைச் சிறுநீரக அடையாளமாகக் கொள்ளலாம் என்று காட்டினர். இரண்டையும் சேர்த்துக் கணிக்கும் சூத்திரம் 2012-ல் தோன்றியது. தனித்தனியே கணிப்பதினும் சேர்த்துக் கணிப்பது உண்மைக்கு அணித்து என்பர். எனினும் இதுவும் குற்றமற்றதன்று. தைராய்டு நோயும், ஸ்டீராய்டு மருந்தும், புகைத்தலும், உடற்பருமனும் இதன் அளவை மாற்றும். கிரியாட்டினின் கணக்கில் ஐயம் எழுந்தவிடத்து மருத்துவர் கேட்டால் செய்துகொள்ளலாம்.

இனி, பத்திரிகைகளில் புதிய புதிய அடையாளங்களின் பெயர்களைக் காண்கிறீர்கள். வருங்கேட்டைப் பல்லாண்டு முன்னரே உரைக்கும் என்று சிலவற்றைப் போற்றுகின்றனர். சூபார் என்பது ஒன்று. இரத்தத்தில் அது மிகுந்தவர்க்குப் பின்னாளில் சிறுநீரக நோய் மிகுதியாய் வந்ததாக 2015-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஆராய்ச்சி நடக்கட்டும். அதற்காக முழு உடம்புப் பரிசோதனை என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் திட்டங்களில் நம்மவர் விழவேண்டுவதில்லை. யூரிக் அமிலத்தின் கதை இவ்விடத்துக்கு ஏற்றது. கொதிப்புள்ளவர்க்கு அது மிகுந்திருந்தால் சிறுநீரகம் கெடுகிறது என்று நெடுநாளாகக் கண்டு வந்தனர். ஆகவே அதனைக் குறைத்தால் சிறுநீரகம் பிழைக்கும் என்று கருதி, அல்லோபூரினால் என்னும் மருந்தைக் கொடுத்துச் சோதித்தனர். 2020-ல் இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு வெளிவந்தது. யூரிக் அமிலம் குறைந்தது. சிறுநீரகம் கெடும் வேகம் குறையவில்லை. புகையைக் கண்டு நெருப்பு உண்டென அறியலாம். புகையை விசிறி ஓட்டினால் நெருப்பு அவியுமோ? கீல்வாதத்திற்கு அம்மருந்து வேண்டும்; அது வேறு செய்தி.

இரத்தத்தைப் பற்றியே பேசினேன். ஆனால் இரத்தம் மௌனமாய் இருக்கும் காலத்தில் முந்திப் பேசுவது பெரும்பாலும் சிறுநீர்தான். இலண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்டு பிரைட் என்ற மருத்துவர், ஒரு கரண்டியில் நோயாளியின் சிறுநீரை ஊற்றி மெழுகுவர்த்திச் சுடரில் காய்ச்சினார். முட்டையின் வெண்கரு போல் அது திரைந்தது. அங்ஙனம் திரைந்தவர்கள் இறந்தபின் உடலைத் திறந்து பார்க்கையில் சிறுநீரகம் கெட்டிருந்தது. இதனை அவர் 1827-ல் வெளியிட்டார். பின்னர் 1836-ல், அத்தகையோரிற் பலர்க்கு இதயமும் பருத்திருந்ததைக் குறித்தார். கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்க்கும் கருவியை இத்தாலியர் ரிவா-ரோச்சி செய்தது 1896-ல். கொதிப்பை அளக்க வழியில்லாத காலத்திலேயே ஒரு கரண்டியும் ஒரு சுடரும் கொண்டு கொதிப்பின் விளைவை ஒருவர் கண்டார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மாறுவதில்லை.

திரைந்த அப்பொருள் ஆல்புமின் என்னும் புரதம். நூற்பந்தின் சல்லடை பழுதுபட்டால் அது ஒழுகும். இன்று அதன் மிகச் சிறு அளவையும் காணலாம். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக ஆல்புமின் இருப்பின் நன்று. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. 300-க்கு மேல் கேடு முற்றியது. காய்ச்சலாலும் கடும் உழைப்பாலும் தற்காலிகமாக இது மிகும். ஆகவே ஒருமுறை மிகுந்தால் அஞ்சாமல் மறுமுறை பார்க்கவேண்டும். வடிப்பு அளவு, ஆல்புமின் ஆகிய இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால்தான் இன்னார்க்குக் கேடு விரையும், இன்னார்க்கு விரையாது என்று ஓரளவு முன்னரே உரைக்க இயலும். என் அன்னையார்க்கு 68 வயதில் இரத்தம் பார்த்தோம், சிறுநீர் பார்க்கவில்லை.

இதற்குப் பெரிய மருத்துவமனை வேண்டும் என்று எண்ணற்க. சென்னையில் டாக்டர் எம்.கே. மணி என்னும் புகழ்பெற்ற சிறுநீரக மருத்துவர் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என ஓர் அறநிலையம் கண்டு, சென்னைக்கு அருகிலுள்ள சிற்றூர்களில் ஒரு பணி செய்தார். பள்ளிப் படிப்பு முடித்த அவ்வூர்ப் பெண்களையே பயிற்றி, வீடு வீடாக அனுப்பினார். அப்பெண்கள் இரத்த அழுத்தம் பார்த்தனர். சல்போசாலிசிலிக் அமிலம் சில துளி விட்டுச் சிறுநீரில் ஆல்புமின் உண்டா என்று பார்த்தனர். பெனடிக்ட் கரைசல் கொண்டு சர்க்கரை உண்டா என்று பார்த்தனர். குற்றங் கண்டவர்க்கே மருத்துவர் இரத்தம் எடுத்தார். விலை மலிந்த மாத்திரைகளையே கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் வாழும் ஊர்களில் இது நிகழ்ந்தது. மருத்துவ இதழ்களில் அவரே இதனை எழுதியுள்ளார்.

கண்டபின் செய்வதற்கு யாதும் இல்லையேல் காண்பதால் பயனில்லை. இன்று வழி உண்டு. ராமிப்ரில், எனலாப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் என்ற வகை மாத்திரைகள் கொதிப்பைத் தணிப்பதோடு ஆல்புமின் ஒழுக்கையும் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கின்றன. சர்க்கரை நோய்க்கென வந்த டாபாகிளிப்ளோசின் என்பது, சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிக்கும் பயன்படுவதாக 2020-ல் தெளிவாயிற்று. யார்க்கு எது என்பது மருத்துவர் கூற வேண்டியது. ஆனால் ஒன்றை மட்டும் அறிந்துகொள்ளுங்கள். ராமிப்ரில் வகையைத் தொடங்கிய சில வாரத்தில் கிரியாட்டினின் சிறிது ஏறும். நூற்பந்தினுள் அழுத்தம் தணிவதால் நேர்வது அது. முப்பது விழுக்காடு வரை ஏறினாலும் மருத்துவர் பெரும்பாலும் பொறுத்திருப்பர். இரண்டு முதல் நான்கு வாரத்துள் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் மறுபடி பார்ப்பர். இதனை அறியாமல் "மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கிறது" என்று திண்ணைப் பேச்சுக் கேட்டுத் தாமே நிறுத்தியவர் நம்மிடையே உண்டு. சிறுநீரகத்தைக் கெடுக்கும் மாத்திரையோ, முழங்கால் வலிக்கென்று மருந்துக் கடையில் சீட்டின்றிக் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் போன்றவை. அதனை நிறுத்துவாரைக் காணோம்! உப்பைப் பற்றிச் சொன்னால் நம் வீட்டு ஊறுகாய் ஜாடிகள் என்னோடு போருக்கு வரும். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் இருக்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதைச் சொல்லி நிறுத்துகிறேன்.

முடிவாக நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். நாம் ஆண்டுதோறும் மருத்துவ முகாம் நடத்துகிறோம். கையில் பட்டை கட்டி, எண்ணைச் சீட்டில் எழுதி, ஒரு பிஸ்கோத்துப் பொட்டலமும் கொடுத்து அனுப்புகிறோம். சென்ற முகாமில் அச்சீட்டுகளை எழுதியவர்களுள் யானும் ஒருவன். 'கொதிப்பு உள்ளது' என்று எழுதிய பின் அவர்கள் எங்கே போனார்கள் என்று நாம் கேட்கவில்லை. வரும் முகாமில், கொதிப்பு உள்ளவர் ஒவ்வொருவர்க்கும் சிறுநீரில் ஆல்புமினும் இரத்தத்தில் கிரியாட்டினினும் பார்க்கவேண்டும். வயதைச் சேர்த்து வடிப்பு அளவைக் கணித்துச் சீட்டில் எழுதவேண்டும். குற்றங் கண்டவர்க்கு மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்விக்க வேண்டும். கணக்கெழுதும் வேலையை நம் கல்வி உதவி நிதி பெறும் மாணவ மாணவியர் செய்யட்டும். ஆண்டு விழா மலரில் நன்கொடையாளர் படங்கள் சில பக்கம் குறைந்தால் இச்செலவுக்குப் பணம் கிடைத்துவிடும் என்பது என் கருத்து. பொருளாளர் அவர்கள் பொறுத்தருள்க. முகாம் நம்மவர்க்கு மட்டும் என்னும் விதியையும் செயற்குழு மறுபடி ஆலோசிக்க வேண்டும். மண்டபத்தில் சமையல் செய்பவர்க்கும் கூட்டிப் பெருக்குபவர்க்கும் கொதிப்பு உண்டு.

என் அன்னையார் இன்று தாய்மார் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். சென்ற முறை பார்க்கையில் அவர்களது வடிப்பு அளவு 28. மூன்று மாதத்திற்கு ஒருமுறை பார்க்கிறோம். ஓராண்டாக அவ்வளவிலேயே நிற்கிறது. பழைய சீட்டுகளை எல்லாம் தேதி வரிசையில் ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்த முகாமுக்கு வருபவர்கள் வீட்டில் கிடக்கும் பழைய சீட்டுகளையும் தவறாது எடுத்து வரும்படி வேண்டிக்கொள்கிறேன்.